நூற்று முப்பத்தைந்தாவது படம்

— கையை எடுங்க மேடம். அது துணியில போட்ட பிரிண்ட். விரல் பட்டா தடம் நின்னுடும்.

— நிக்கட்டும். முதல்ல இந்தப் படத்தைச் சுவத்துலேருந்து கழட்டுங்க.

— யாருங்க நீங்க? பத்தரைக்குத்தான் கண்காட்சி திறப்பு. வாசல்ல கயிறு கட்டியிருக்கே, பாக்கலையா?

— பாத்தேன். தாண்டித்தான் வந்தேன். வெளிய பேனர்ல இதே படத்தைப் பெருசா போட்டு, 'முதல் பரிசு, நவ்ஷாத், திருச்சி'ன்னு எழுதியிருக்கு. அது நீங்கதானே?

— நான்தான். இப்பப் புரியுது. உங்களை வளவன் அனுப்பியிருக்கான்.

— எனக்கு எந்த வளவனையும் தெரியாது.

— தெரியாம இருக்குமா? ரெண்டாம் பரிசு வாங்கினவன். ஒரு மாசமா ஒரு வாட்ஸ்அப் குரூப் விடாம எழுதிக்கிட்டிருக்கான். 'வானம் நிஜம், கீழ தெரியிற வெளிச்சம் கம்ப்யூட்டர்ல ஒட்டினது, பரிசைத் திரும்ப வாங்குங்க'ன்னு. நேத்து நடுவர்கள் வீட்டுக்கே போயிட்டான். ஆறு வருஷம் மேடம். அமாவாசைக்கு அமாவாசை ஊர் ஊரா அலையிறேன். நாய்க்கடி வாங்கியிருக்கேன், சேத்துல புதைஞ்சிருக்கேன். அவன் உக்காந்த எடத்துலேருந்து என்னைத் திருடன்ங்கிறான்.

— நான் கேக்க வந்தது வேற.

— எதைக் கேக்க வந்தாலும் பதில் ஒண்ணுதான். அந்த வெளிச்சம் ஒட்டினது இல்ல. விஷயம் என்னன்னா, நட்சத்திரம் வட்டமா சுத்துற மாதிரி படம் ஆயிரம் பேரு எடுக்கிறான். காசு இருந்தா நல்ல லென்ஸ் வாங்கலாம், பெட்ரோல் இருந்தா இருட்டான ஊருக்குப் போகலாம். அப்படி எடுத்த படம் இந்த ஹால்லயே முப்பது தொங்குது, ஒண்ணு முன்னாடியாவது நீங்க நின்னீங்களா? இது முன்னாடி நிக்கிறீங்க. ஏன்னா கீழ அந்த வீட்டுலேருந்து மஞ்சளா ஒரு நூல் கிளம்பி வந்து, ஒரு எடத்துல பூ மாதிரி விரியுது. நடுவர் சொன்னாரு, 'மேல எல்லாம் சுத்துது, கீழ ஒரு உசுரு இருக்கு, இந்தப் படம் நிக்கிறது அதனாலதான்'னு. நானே எதிர்பாக்காதது அது. வீட்டுக்கு வந்து பாத்தப்பதான் தெரிஞ்சுது. அழுதுட்டேன் மேடம்.

— அப்ப அந்த வெளிச்சம் நிஜமா அங்க இருந்துச்சு.

— இருந்துச்சு. அதே ராத்திரி, அதே எடம். கேமராவை ஒரு நூல் நகத்தல.

— ஏங்க, வாசல் வரைக்கும் சத்தம் கேக்குது. யாரு இவங்க?

— வளவன் ஆளு, ஜெஸி. நீ போய் படத்துக்கெல்லாம் பேர்ச் சீட்டை ஒட்டு.

— சீட்டு எங்கயும் ஓடிப் போகாது. இந்தாம்மா, நான் இவரு பொண்டாட்டி, ஜெஸிமா. இவரை நான் ஆயிரம் திட்டுவேன். மகன் அயானுக்கு நூத்திரெண்டு காய்ச்சல் அடிக்கிறப்ப மருங்காபுரி பக்கம் நட்சத்திரம் எடுக்கணும்னு பையைத் தூக்கிக்கிட்டுப் போன மனுஷன் இவரு. ஒரு வாரம் பேசல நான். ஆனா படத்துல பொய் சொல்ல மாட்டாரு. சொல்லியிருந்தா நானே இதைக் கிழிச்சுக் குப்பையில போட்டிருப்பேன்.

— மருங்காபுரி பக்கம்தான். உங்க வாயாலயே வந்துடுச்சு.

— அதுல என்னம்மா இருக்கு?

— அந்த ஓட்டு வீடு எங்க வீடு. பக்கத்துல நிக்கிற ஒத்தைப் பனை எங்க பனை. என் பேரு அனுசுயா. காட்டூர்ல இருக்கேன், ஸ்கூல்ல கணக்கு டீச்சர். எனக்குப் போட்டியும் கிடையாது, பரிசும் வேண்டாம். சார், வீட்டுக்கு வலப்பக்கம் ஒரு கம்பம் தெரியுதே, அது பஞ்சாயத்து லைட்டு. ராத்திரி பூரா எரியும். உங்க படத்துல ஏன் எரியல?

— அது வந்து மேடம்...

— கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கம்பத்து உச்சியில கறுப்பா ஒண்ணு தொங்குதே, என்ன அது?

— சாக்கு.

— யாரு கட்டினது?

— பாலு. என் ஃப்ரெண்டு, கூட வந்தவன். அவன்தான் கம்பம் ஏறினான். நான்தான் ஏறச் சொன்னேன். அந்த வெள்ளை லைட்டு எரிஞ்சா நட்சத்திரம் விழாது மேடம், வானமே வெளிறிப் போயிடும். ஊர்ல யாரையாவது கேட்டிருக்கணும். எல்லாரும் படுத்துட்டாங்க, கேக்கல. தப்புதான். அதுக்காகப் பரிசு வாங்கின படத்தைக் கழட்டச் சொல்வீங்களா?

— சரி, போறப்ப ஏன் அவுக்கல?

— ரெண்டரைக்கு மூட்டையைக் கட்டினோம். தூக்கக் கலக்கம். பைக் நின்னது அந்தப் பக்கம். மறந்துட்டோம்.

— மறந்துட்டீங்க.

— மன்னிப்புக் கேக்கச் சொன்னாக் கேக்கிறாரும்மா. ஒரு ராத்திரி தெரு லைட்டு எரியலேன்னா என்ன பெருசா ஆயிடும்? எங்க தெருவுல மாசத்துல பத்து நாள் எரியறதில்ல.

— எங்கம்மா செத்துட்டாங்க.

— என்னம்மா சொல்றீங்க?

— கம்பத்துக்குக் கீழ குடிதண்ணிக் குழாய்க்குப் பள்ளம் தோண்டி அப்படியே போட்டிருந்தாங்க. இடுப்பளவு ஆழம். அம்மா படுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஆட்டுக் கொட்டாயைப் பாத்துட்டு வருவாங்க, விடிஞ்சதும் ஒரு தடவை போவாங்க. மாசி அமாவாசைக்கு மறுநாள் காலையில ஆறரைக்குப் பால் ஊத்த வந்த சின்னையன், பள்ளத்துல கிடக்கிறதைப் பாத்துட்டு எனக்கு போன் பண்ணினாரு. இடுப்பு எலும்பு முறிஞ்சு, தலைக்குள்ள ரத்தம். மூணாம் நாள் போயிட்டாங்க. பொன்னுத்தாய்னு பேரு. அறுவத்திரெண்டு வயசு. தனியாத்தான் இருந்தாங்க. காட்டூருக்கு வாம்மான்னா, ஆட்டை யாரு பாப்பான்னுவாங்க.

— இன்னா லில்லாஹி... ஏங்க. இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?

— எனக்குத் தெரியாது ஜெஸி. அல்லாஹ் மேல ஆணையா தெரியாது. அந்த வீட்டுல ஆள் இருக்கிறதே எனக்குத் தெரியாது.

— கம்பத்துல சாக்கைப் பாத்துட்டு ஆட்டுத் திருடனுங்க கட்டினதுன்னு போலீஸ்ல எழுதிக் கொடுத்தோம். அந்தத் திருடன் எப்படி இருப்பான்னு ஒம்பது மாசமா யோசிச்சுக்கிட்டிருக்கேன் நான். கன்னத்துல மறு இருக்கும், மீசை இருக்கும், இப்படி. கண்ணாடி போட்டுக்கிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில, பரிசு வாங்க வந்து நிப்பான்னு நினைக்கல. இன்னைக்கு ஸ்ரீரங்கம் கோயிலுக்கு வந்தேன். பேனரைப் பாத்து, நம்ம வீடு மாதிரி இருக்கேன்னு நின்னேன். அப்புறம்தான் சாக்கு கண்ணுல பட்டுச்சு.

— மேடம், நீங்க சொல்றதை வச்சே கேக்கிறேன். காலையில ஆறரைக்குப் பாத்தாங்க. விடிஞ்சப்புறம் ஆட்டை அவுக்கப் போறப்ப விழுந்திருக்கலாம்ல? விடிஞ்சதுக்கப்புறம் லைட்டு எரிஞ்சா என்ன, எரியாட்டி என்ன? நாங்க ரெண்டரைக்கே கிளம்பிட்டோம்.

— ஊரும் அதைத்தான் சொல்லுது. தலைசுத்தி விழுந்துட்டா, விடிஞ்சப்புறம்தான்னு. ஏன் தெரியுமா? அம்மா கையில டார்ச் இருந்துச்சு. அணைஞ்சு இருந்துச்சு. ராத்திரி விழுந்திருந்தா அது எரிஞ்சுக்கிட்டுத்தானே கிடக்கும்? அழுத்திப் பாத்தோம், நல்லா எரிஞ்சுது. பேட்டரி இருந்துச்சு. அதனால எப்ப விழுந்தாங்கன்னு டாக்டர் கேட்டப்ப, ஆறு மணிக்குன்னு நான்தான் சொன்னேன். அவரு என்னை ஒரு மாதிரி பாத்தாரு. 'இல்லம்மா, இது ராத்திரியே பட்ட அடி. ஒரு ரெண்டு மணி நேரத்துக்குள்ள கொண்டு வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்'னாரு. அவரோட சண்டை போட்டேன். எங்கம்மா ராத்திரி பூரா பள்ளத்துல கிடந்தாங்கன்னு எப்படிங்க நான் ஒத்துக்குவேன்?

— அதான் சொல்றேன். டார்ச் அணைஞ்சிருந்ததுன்னா...

— நீங்க சொல்லாதீங்க. டாக்டர் சொன்னது சரியா, ஊர் சொன்னது சரியா, அது ஒண்ணு எனக்குத் தெரியணும். அது தெரியாம ஒம்பது மாசமா நான் தூங்கல. இப்ப உங்க படத்துல எங்க வீட்டு வாசல்லேருந்து ஒரு மஞ்சள் வெளிச்சம் கிளம்பி, அந்தப் பள்ளத்துகிட்ட வந்து நிக்குது. ஒட்டினது இல்லன்னு நீங்களே சத்தியம் பண்ணினீங்க. எத்தனை மணிக்கு அது?

— வெளிச்சம்னா அவங்கதான்னு எப்படிச் சொல்ல முடியும்? ராத்திரி வயக்காட்டுல எலி பிடிக்கிறவன் டார்ச் அடிப்பான். குடிகாரன் போவான்.

— எங்க வீட்டு வாசல்லேருந்தா எலி பிடிக்க வருவான்?

— ஏங்க, அந்த லேப்டாப்பைத் திறங்க.

— நீ சும்மா இரு ஜெஸி.

— நான் ஏன் சும்மா இருக்கணும்? வளவன் வாயை அடைக்கணும்னு நேத்து ராத்திரி பூரா உக்காந்து எல்லாத்தையும் வரிசையா எடுத்து வச்சீங்க. ஒவ்வொரு படத்துலயும் மணி, நிமிஷம், செகண்ட் இருக்கு, எவன் வந்தாலும் காட்டுவேன்னு பெருமை அடிச்சீங்க. அவனுக்குக் காட்டுவீங்க, செத்தவங்க பொண்ணுக்குக் காட்ட மாட்டீங்களா? மேசை மேலதான் இருக்கும்மா. நீங்க இப்படி நாற்காலியில உக்காருங்க.

— நான் நிக்கிறேன்.

— சரி. காட்டுறேன். விஷயம் என்னன்னா, இது ஒரே படம் இல்ல. கேமராவை ஒரே எடத்துல நட்டு வச்சு, முப்பது முப்பது செகண்டா முன்னூத்தி அறுபது படம் எடுத்தது. வீட்டுக்கு வந்து ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா நட்சத்திரம் போன தடமெல்லாம் வட்டமா வரும். தரையில எதுனா வெளிச்சம் நகந்தா அதுவும் கோடா விழும். முதல் படம் பதினொண்ணு இருபதுக்கு.

— ராத்திரி பதினொண்ணு இருபது.

— ஆமா. இது நாப்பதாவது. வீடு இருட்டா இருக்கு. நாப்பத்தி ஒண்ணு, பதினொண்ணு நாப்பது. இதோ வாசல்ல சின்னதா மஞ்சள்.

— அடுத்தது.

— நாப்பத்தி ரெண்டு, நகருது. மூணு. நாலு. அஞ்சு. நாப்பத்தி ஆறு, பதினொண்ணு நாப்பத்தி ரெண்டரை. இங்க வந்து நின்னுடுச்சு.

— நிக்கல. விழுந்துட்டாங்க. அம்மா என்னைக்கும் பத்து மணிக்குப் படுத்துடுவாங்க. அன்னைக்கு ஆடு கத்தியிருக்கும். லைட்டு எரியாததைப் பாத்துட்டு டார்ச்சை எடுத்திருக்காங்க. ஆனா அது காலடிக்குத்தான் காட்டும், பள்ளத்துக்குக் காட்டாது. அடுத்ததைப் போடுங்க.

— அடுத்தது எல்லாம் ஒரே மாதிரிதான் மேடம். அதே எடத்துல வெளிச்சம் அசைஞ்சுக்கிட்டே இருக்கும். போதும்னு நினைக்கிறேன்.

— எனக்கு என்ன போதும்னு நீங்க சொல்லாதீங்க. போடுங்க. இது பக்கவாட்டுல போகுது. இதுல மேல போகுது. இதுல திரும்ப இந்தப் பக்கம். சார், இது என்னன்னு உங்களுக்குத் தெரியலையா?

— டார்ச் வெளிச்சம் அலையுது, அவ்வளவுதான் மேடம்.

— நீங்க சொல்லுங்கக்கா. ஒரு பொம்பளையா சொல்லுங்க.

— கையை ஆட்டுறாங்க. பள்ளத்துக்குள்ள கிடந்துக்கிட்டு, டார்ச்சை மேல தூக்கிப் பிடிச்சு ஆட்டுறாங்க. யா அல்லாஹ். இதைத்தான் எல்லாரும் பூ பூன்னு சொன்னாங்களா?

— நடுவர் சொன்னாராமே, கீழ ஒரு உசுரு இருக்குன்னு. அவரு சரியாத்தான் சொல்லியிருக்காரு. எத்தனை படம் இப்படி?

— எண்ணல நான்.

— எண்ணுங்க. வேண்டாம், நானே எண்ணுறேன். நாப்பத்தி ஆறுல ஆரம்பிச்சு... இதுவும் இருக்கு, இதுவும்... நூத்தி முப்பத்தி நாலு வரைக்கும் இருக்கு. எண்பத்தி ஒம்பது படம். முப்பது செகண்ட் வீதம் நாப்பத்தி நாலரை நிமிஷம். முக்கால் மணி நேரம் எங்கம்மா கையைத் தூக்கி ஆட்டியிருக்காங்க. நீங்க எவ்வளவு தூரத்துல நின்னீங்க?

— ரெண்டு வயக்காடு தள்ளி.

— கூப்பிட்டா கேக்கும்.

— கேக்கல மேடம். காத்து எங்க பக்கத்துலேருந்து அங்க அடிச்சுது. பாலு செல்லுல பாட்டுப் போட்டிருந்தான்.

— பாட்டு ஓடிக்கிட்டிருந்ததாக்கும்.

— ஜெஸி, நீயும் ஆரம்பிக்காதே.

— ஆரம்பிப்பேன். முக்கால் மணி நேரம் ஒரு வெளிச்சம் ஒரே எடத்துல கிடந்து ஆடுது. ரெண்டு ஆம்பளைங்க நிக்கிறீங்க. என்னா ஏதுன்னு ஒரு எட்டு நடந்து போய்ப் பாக்கணும்னு தோணலையா உங்களுக்கு?

— நடக்கணும்னா டார்ச் அடிக்கணும். அடிச்சா அத்தனை படமும் போச்சு. முக்காடு போட்டுக்கிட்டு செல்லையே பாக்காம உக்காந்திருப்போம் நாங்க. இருட்டுல ஒரு தடவை அசைஞ்சா ஒரு மாசம் காத்திருக்கணும், அடுத்த அமாவாசை வரைக்கும். அது உனக்குத் தெரியும்.

— தெரியும். ஒரு மாசம் காத்திருக்க முடியாதுன்னு அந்தம்மாவைக் காத்திருக்க வச்சிருக்கீங்க.

— நான் என்ன வேணும்னா செஞ்சேன்? எவளோ வேண்டாத நேரத்துல லைட்டைப் போட்டு... ஸாரி மேடம். அன்னைக்கு அப்படித்தான் நினைச்சேன். வேணும்னே நம்ம படத்தைக் கெடுக்கிறாங்கன்னு. கோவம் வந்துச்சு. என்னைக்கு வானம் தெளிவா இருக்கோ அன்னைக்குத்தான் எவனாவது வருவான். வேற என்னங்க சொல்றது நான்? காலைப் பிடிக்கச் சொல்றீங்களா? பிடிக்கிறேன். படத்தைக் கழட்டணுமா? இதோ ஆணியைப் பிடுங்குறேன். பரிசை நானே திருப்பிக் கொடுத்துடுறேன்.

— நான் இன்னும் முடிக்கல. நூத்தி முப்பத்தி நாலுக்கு அடுத்து நூத்தி முப்பத்தி ஆறு இருக்கு. நடுவுல ஒண்ணு எங்க?

— அது கெட்டுப்போன படம். தள்ளி வச்சிட்டேன். எல்லாரும் அப்படித்தான் செய்வோம். விமானம் போனது, வண்டி லைட்டு அடிச்சது, இதெல்லாம் எடுத்துடுவோம்.

— நூத்தி முப்பத்தி ஆறுல வெளிச்சமே இல்ல. நூத்தி முப்பத்தி ஏழுலயும் இல்ல. அணைஞ்சுடுச்சு. பேட்டரி தீரல, நான் அழுத்திப் பாத்தேன். அப்ப அவங்களே அணைச்சிருக்காங்க. முக்கால் மணி நேரம் ஆட்டினவங்க ஏன் திடீர்னு அணைக்கணும்? அந்த ஒரு படத்தைத் திறங்க.

— அதுல ஒண்ணும் இல்ல மேடம்.

— ஏங்க, அந்தப் பச்சை லைட்டு அடிச்ச விஷயமா?

— ஜெஸி.

— அன்னைக்கு விடியக்காலையில வந்து சொன்னீங்களே. அயானுக்கு நெத்தியில ஈரத்துணி போட்டுக்கிட்டு நான் உக்காந்திருக்கேன், நீங்க பையை இறக்கி வச்சிட்டு சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க. 'ஒரு கிறுக்கு லைட்டைப் போட்டு உயிரை எடுத்துடுச்சு, பச்சையை ஒரு அடி அடிச்சேன், அடங்கிடுச்சு'ன்னு. அது இவங்கம்மாதானா?

— என்ன பச்சை?

— நீ வெளிய போ ஜெஸி.

— போக மாட்டேன். அவங்க கேக்கிறாங்க, சொல்லுங்க.

— சார், என்ன பச்சை அது?

— லேசர் மேடம். பேனா மாதிரி இருக்கும். இருட்டுல அடிச்சா பச்சையா ஒரு கோடு வானம் வரைக்கும் போகும். எந்த நட்சத்திரம் எதுன்னு காட்டுறதுக்கு வச்சிருப்போம். எங்க க்ளப்ல ஒரு பழக்கம் உண்டு. படம் எடுக்கிற எடத்துல யாராவது தெரியாம லைட்டைப் போட்டுட்டா கத்த மாட்டோம். அவங்களுக்குப் பக்கத்துல தரையில பச்சையை மூணு தடவை வட்டமா சுத்துவோம். லைட்டை அணைங்கன்னு அர்த்தம். எல்லாருக்கும் தெரியும் அது.

— எல்லாருக்கும்னா?

— எங்க ஆளுங்களுக்கு.

— எங்கம்மா உங்க ஆளா?

— இல்ல மேடம்.

— படத்தைத் திறங்க.

— இதுதான் நூத்தி முப்பத்தி அஞ்சு. பன்னெண்டு இருபத்தி ஏழு.

— இந்தப் பச்சைக் கோடு உங்ககிட்டேருந்து கிளம்பி நேரா அவங்ககிட்ட போகுது.

— ஆமா. நான்தான் அடிச்சேன். பாலு வேண்டாம்னான், யாருன்னு தெரியலடான்னான். நான்தான் பிடுங்கி அடிச்சேன்.

— அவங்க என்ன பண்ணினாங்க?

— மேடம், விட்டுடுங்க.

— என்ன பண்ணினாங்கன்னு கேட்டேன்.

— டார்ச்சை ரெண்டு தடவை அணைச்சு அணைச்சுப் போட்டாங்க. எங்களுக்குப் பதில் சொல்ற மாதிரி. அப்புறம் முழுசா அணைச்சுட்டாங்க. அதுக்கப்புறம் நாங்க கிளம்புற வரைக்கும் போடவே இல்ல. பாலு கூடச் சொன்னான், பாவம்டா, மன்னிப்புக் கேக்கிறாங்கன்னு.

— அம்மாடி, உக்காருங்க. அனுசுயா, இப்படி உக்காருங்கம்மா. ஏங்க, தண்ணி கொண்டாங்க. மரம் மாதிரி நிக்காதீங்க.

— எனக்குத் தண்ணி வேண்டாம். மூணு நாள்ல அம்மா பேசினது மொத்தமே கொஞ்சம்தான். கண்ணைத் திறக்கிறப்பல்லாம் அதையேதான் சொன்னாங்க. 'பச்சை வெளிச்சம் காட்டினாங்க பாப்பா. என்னைப் பாத்துட்டாங்க. வந்துக்கிட்டிருக்காங்க.' யாரும்மா வர்றாங்கன்னு கேட்டா, கையை நீட்டி வாசலைக் காட்டுவாங்க.

— யா அல்லாஹ்.

— பக்கத்துல இருந்த என் பெரியம்மா அம்மா காலைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. பெருமாளே பச்சை ஒளியா வந்து கூப்பிட்டிருக்காரு, உங்காத்தா கொடுத்து வச்சவ, அவளுக்கு வலியே தெரிஞ்சிருக்காதுன்னாங்க. ஊரே அதைத்தான் பேசுச்சு. நான் கணக்கு டீச்சர். சாமி வந்துச்சுன்னு யாராவது சொன்னா சிரிக்கிறவ. அதை ஒண்ணை மட்டும் நம்பினேன். அதை நம்பித்தான் சோறு இறங்குச்சு.

— மேடம், என்னை மன்னிச்சு...

— நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். யாரோ பாத்துட்டாங்க, இனி ஆட்ட வேண்டியதில்லன்னு எங்கம்மா டார்ச்சை அணைச்சிட்டு இருட்டுல படுத்திருக்காங்க. பன்னெண்டரையிலேருந்து ஆறரை வரைக்கும். நான் மாசாமாசம் முதல் சனிக்கிழமை பஸ் ஏறி ஸ்ரீரங்கத்துக்கு வந்து, அந்த ராத்திரி எங்கம்மாவைத் தனியா விடாம இருந்ததுக்குப் பெருமாளுக்கு நன்றி சொல்லிட்டுப் போறேன்.